முற்றுக்குக் காத்திருந்த கலம்

வானத்திலிருந்து விழுந்துகொண்டிருந்த நாற்பது டன் சோதனைக்கலம் ஒன்று, தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது நின்றுவிட்டது. அப்படியே பத்தொன்பது நாள் நின்றது. அது நின்ற அன்று வியாழக்கிழமை, பகல் பதினொன்றே கால் மணி. இயந்திரங்கள் அணைந்திருந்தன. கிழிந்த பாராசூட் திடலின் வேலியில் மாட்டிக்கொண்டு கிடந்தது. கயிறு, கம்பி, தூண் என்று தாங்குவதற்கு எதுவும் இல்லை. முதல் நாள் அதைச் சுற்றிக் கொடி நட்டு, யாரும் கிட்டே போகக் கூடாது என்று பலகை வைத்தார்கள். மூன்றாம் நாள், பலகையைக் காவல் காத்தவர் வெயில் தாங்காமல் கலத்துக்கு அடியிலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். ஐந்தாம் நாளிலிருந்து தையல் பிரிவுப் பெண்கள் மதியச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொண்டார்கள். அந்தத் திடலில் வேறு நிழல் கிடையாது.

தரையிறக்க ஆய்வகத்துக்கு அது எட்டாவது கலம். முந்தைய ஏழும் நொறுங்கிப் பின்கட்டில் குவிந்து கிடந்தன. தலைமைப் பொறியாளருக்கு அதனாலேயே ‘தரைதட்டியார்’ என்று பெயர் விழுந்திருந்தது; அவர் முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிடவில்லை, ஆனால் அவருக்கும் தெரியும். அவருடைய சிக்கல் இதுதான். செவ்வாயில் காற்று இருக்கிற மாதிரி இருந்து கழுத்தை அறுக்கும். வேகமாக வரும் கலத்தைச் சுட்டுப் பொசுக்க அந்தக் காற்று போதும், தாங்கிப் பிடிக்கப் போதாது. ஒரு டன் வண்டி என்றால் பாராசூட் கட்டி எப்படியோ இறக்கிவிடலாம். மனிதர்கள், அவர்கள் குடியிருக்க வீடு, தண்ணீர், திரும்பிவர அங்கேயே எரிபொருள் தயாரிக்கும் இயந்திரம் என்று ஏற்றினால் நாற்பது டன்னுக்குக் குறையாது. அவர் சினிமாக் கொட்டகை அளவுக்கு ஊதிப் பெருக்கும் துணிக்கேடயம் ஒன்றைச் செய்து பாதி வேகத்தைக் கொன்றார். வரும் காற்றுக்கு எதிராகவே இயந்திரங்களைப் பற்றவைத்து மீதி வேகத்தில் பெரும்பகுதியைக் கொன்றார். எல்லாம் கைகூடி வந்து, கடைசி ஓர் ஆள் உயரத்தில் கவிழ்ந்துபோகும். இயந்திரத்தின் தீ கீழே குழி பறிக்கும், கல் தெறித்துக் கலத்தின் வயிற்றிலேயே அடிக்கும், கிளம்பும் தூசியில் தரையளக்கும் கருவிக்குக் கண் தெரியாது. சரி என்று அந்த உயரத்தில் இயந்திரத்தை அணைத்தால், நாற்பது டன்னும் தொப்பென்று விழுந்து கால் முறியும். ஏழு முறையும் இப்படித்தான்.

எட்டாவது கலம் ஏன் நின்றது என்பது திடலில் இருந்தவர்களில் ஒருத்திக்கு மட்டும் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. கேடயத் துணியையும் பாராசூட்டையும் தைக்கும் பிரிவுக்கு அவள்தான் தலைவி; சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் தையலக்கா. ஓர் இடத்தில் உட்காரத் தெரியாதவள். உட்கார்ந்தாலும் கால் உட்காராது. சாப்பாட்டு மேசைக்கு அடியிலும் அது இல்லாத மிதியை மிதித்துக்கொண்டிருக்கும். அன்றைக்கும் அவள் மற்றவர்களோடு ஓர் இடத்தில் நிற்காமல் திடலின் விளிம்பில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள். கலம் விழுவதைப் பார்த்ததும் பயந்துபோனாள். தன்னை மறந்து கத்தினாள்: “பாத்து!”

பேருந்துப் படியில் கால் வைப்பவரிடமும், ஈரத் தரையில் நடப்பவரிடமும், சூடான பாத்திரத்தைத் தூக்குபவரிடமும் யாரும் சொல்லும் வார்த்தைதான் அது. பக்கத்தில் நின்றவர்கள் காதில்கூட அது சரியாக ஏறவில்லை. ஆனால் அவளுக்கு இது புதிதில்லை. அவளைவிடப் பன்னிரண்டு வயது இளைய தங்கை ஒருத்தி உண்டு. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகிற வீட்டில் தங்கையை வளர்த்தவள் அவள்தான். மாடிக்குப் பதினேழு படி. நடக்கப் பழகிய நாளிலிருந்து அந்தக் குழந்தை படியிறங்கி யாரும் பார்த்ததில்லை, குதித்துத்தான் பார்த்தார்கள். வெட்டுக்கிளி என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. அக்கா சமையலறையிலிருந்து “பாத்து!” என்று அலறினால், குழந்தை நடுவெளியில் ஒரு நொடி நிற்கும். பிறகு கையையும் காலையும் உதறி, “குதிச்சாச்சு!” என்று தானே கத்திக்கொண்டு கீழே வந்து சேரும். குழந்தைகள் எடை குறைவு என்பதால் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வெட்டுக்கிளிதான் இப்போது விமானி. கனமான கலம் ஒன்று முதன்முதலாக மனிதர்களோடு செவ்வாயில் இறங்கும்போது அதைச் செலுத்தப்போகிறவள் அவள் என்று ஆய்வகம் இரண்டு ஆண்டுக்கு முன்பே முடிவு செய்துவிட்டது. “உங்க தங்கச்சி செவ்வாய்க்குப் போறாளாமே, ஏன், புதனுக்கே போகட்டுமே, ஒரு நாள் கூடக் கிடைக்குமே” என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்வாள். தையலக்காவும் சிரித்துவைப்பாள். பின்கட்டில் குவிந்து கிடக்கும் ஏழு கலங்களைத் தினமும் தாண்டித்தான் அவள் வேலைக்குப் போகவேண்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் விமானி உட்காரும் இடம் எது என்று அவளுக்குத் தெரியும்.

பதினெட்டு நாள் எல்லா அளவுகளும் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பிடிபடாமல், நடந்ததை அறிக்கையாக எழுதி ஆய்வகத்தின் பிழைதிருத்துபவரிடம் கொடுத்தார்கள். அவர் ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனிதர். ஒற்றுப்பிழை இருந்தால் தலைமைப் பொறியாளரின் ராஜினாமாக் கடிதத்தையே திருப்பி அனுப்பியவர். திடலின் ஒலிப்பதிவில் பதினொன்றே கால் மணிக்கு ஒரு பெண்குரல் கேட்கிறது என்று அறிக்கையில் ஒரு வரி இருந்தது. பத்தொன்பதாம் நாள் காலை அவர் திடலுக்கு வந்து, கலத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து, “எச்சம் நிக்குது சார்” என்றார். தரைதட்டியார் அண்ணாந்து பார்த்து, “காக்கா எச்சமா? துடைக்கச் சொல்றேன்” என்றார். “அந்த எச்சம் இல்ல சார், வினையெச்சம். பாத்துன்னு சொல்லியிருக்காங்க. பாத்து என்ன பண்ணணும்? அதைச் சொல்லலை. முற்று வந்தாத்தானே வாக்கியம் முடியும்? அது காத்துக்கிட்டு நிக்குது.”

குரல் யாருடையது என்று கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. தையலக்காவைக் கூட்டிவந்தார்கள். சாப்பாட்டுப் பாத்திரங்களை எடுக்கச் சொல்லி, காவல்காரரை நாற்காலியோடு எழுப்பிவிட்டு, அவளை முடித்துவைக்கச் சொன்னார்கள். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தரையைப் பார்த்துக்கொண்டு “எறங்கு” என்றாள். கலம் நீளமாக ஒரு மூச்சு விட்டு, நான்கு கால்களையும் ஊன்றி உட்கார்ந்தது. ஒரு திருகுகூடத் தளரவில்லை. தரைதட்டியார் அன்று மதியம் முதல் முறையாக இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஒன்பதாவது கலத்தில்தான் அந்தத் தவறு நடந்தது. கலம் விழுந்தது, அவள் பயந்தாள், “பாத்து!” என்றாள், நின்றது. முடித்துவைக்க வேண்டிய இடத்தில், தங்கையிடம் ஆயிரம் முறை சொல்லிப் பழகிய வாய், “வா” என்றுவிட்டது. சொன்ன கையோடு சாயங்கால வண்டிக்கு நேரமாகிவிட்டதே என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கலமும் கிளம்பியது. அவள் நடக்கிற வேகத்தில், ஆள் உயரத்தில், பத்தடி பின்னாலேயே வந்தது. பேருந்து ஓட்டுநர் அவளை ஏற்றிக்கொள்ள மறுத்துவிட்டார். பதினொரு கிலோமீட்டர் நடந்தாள். வழியில் இரண்டு மின்கம்பங்களும் ஒரு பெயர்ப்பலகையும் போயின. வீட்டு வாசலுக்கு வந்ததும் அது மாடி சன்னலை மறைத்துக்கொண்டு நின்றது. அங்கே இறக்கினால் தெருவே அடைபடும் என்பதால், வந்த வழியே திரும்பவும் பதினொரு கிலோமீட்டர் நடந்து அதைத் திடலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். மறுநாள் அறிக்கையில் பிழைதிருத்துபவர் சிவப்பு மையில் எழுதினார்: முற்று எதுவோ, கலம் அதையே செய்யும். சொல்லும்போது கவனம் தேவை.

இவ்வளவும் தெரிந்த பிறகு வேலை சுலபமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. பயந்து தானாக வந்தால்தான் அந்த வார்த்தை வேலை செய்தது. பத்தாவது கலத்துக்கு அவளை ஒலிவாங்கி முன்னால் உட்காரவைத்துக் கையசைத்துச் சொல்லச் சொன்னார்கள், அவளும் பெயர்ப்பட்டியல் வாசிக்கிற மாதிரி சொன்னாள், கலம் சப்பளிந்தது. அவள் குரலைப் பதிவு செய்து கலத்துக்குள்ளேயே வைத்து ஒலிக்கவிட்டார்கள், அதுவும் நொறுங்கியது. தரைதட்டியார் அவளுக்குப் பின்னால் மெல்ல வந்து காகிதப்பையை ஊதி உடைத்துப் பார்த்தார். அவள் அவரைத் திட்டிய வார்த்தைகள் எந்தக் கலத்தையும் நிறுத்தக்கூடியவை அல்ல. அதோடு தூரம் வேறு. செவ்வாயிலிருந்து ஒரு படம் இங்கே வந்துசேரப் பதினொரு நிமிடம், இங்கிருந்து ஒரு சொல் போய்ச்சேர இன்னொரு பதினொரு நிமிடம். கலம் விழுவதைப் பார்த்துப் பயந்தால், அந்தப் பயம் போய்ச் சேரும்போது காரியம் எப்போதோ முடிந்திருக்கும். தரைதட்டியார் வார்த்தையை நம்பாமல் தம் வழியிலேயே போனார். இயந்திரங்களைக் கலத்தின் வயிற்றிலிருந்து தோளுக்கு ஏற்றினார், தீயைச் சாய்த்து வெளிப்பக்கம் பாயவிட்டார், கால்களுக்குள் நசுங்கிக்கொடுக்கும் தகட்டு அடுக்குகள் வைத்தார். கடைசி ஐந்து சோதனையில் மூன்று பிழைத்தன. மேலிடத்துக்கு அது போதுமாக இருந்தது. தையலக்கா மற்ற இரண்டையும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

கிளம்புவதற்கு மூன்று மாதம் இருக்கையில் அக்காவும் தங்கையும் பேச்சை விட்டார்கள். காரணம் அந்த ஒரு வார்த்தைதான். அலமாரி மேலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு தங்கை முக்காலியிலிருந்து குதித்தாள், அக்கா சொல்லிவிட்டாள், தங்கை பெட்டியும் கையுமாக அரை நிமிடம் நடுவீட்டில் தொங்கினாள். கீழே வந்ததும் பெட்டியை விசிறி எறிந்தாள். “முப்பத்தாறு வயசாகுது எனக்கு. இன்னும் நீ சொன்னா நிக்கறேன். நான் எறங்கறதுக்குப் போறேன்க்கா, நிக்கறதுக்கு இல்ல. அங்க வந்தும் என்னை நிக்க வைக்காதே.”

“அஞ்சுல ரெண்டு உடைஞ்சுதே, அதை யோசிச்சியா?”

“உடைஞ்சா உடையட்டும்.”

“வாயைக் கழுவு.”

அதற்குப் பிறகு ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் நடமாடினார்கள். ராட்சசத் துணிக்கேடயத்தின் கடைசித் தையலை அக்கா தானே போட்டாள். வேறு யாரையும் தொடவிடவில்லை. ஒவ்வொரு தையலையும் மூன்று முறை ஓட்டினாள். தங்கை கடைசி வாரம் ஏனோ நொண்டினாள். என்ன ஆயிற்று என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தும் அக்கா வீம்புக்குக் கேட்கவில்லை. கிளம்புகிற காலையில் தங்கை வாசலில் நின்று, “போறேன்க்கா” என்றாள். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. அக்காவின் கால் நின்ற இடத்திலேயே மிதித்துக்கொண்டிருந்தது. தங்கை பயணம் செய்த ஏழு மாதமும் அந்தச் சொல் அவளை உட்காரவிடவில்லை. பாதி தைத்த துணியை விட்டுவிட்டு எழுந்து போவாள், அடுப்பை ஏற்றிவிட்டு மாடிக்கு ஏறுவாள், ஏறியது எதற்கென்று தெரியாமல் பதினேழு படியும் திரும்ப இறங்குவாள்.

இறங்கும் நாள் வந்தது. கட்டுப்பாட்டுக் கூடத்தில் தையலக்காவுக்கும் ஒரு நாற்காலியும் ஒலிவாங்கியும் போட்டிருந்தார்கள், மரியாதைக்கு. அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். கலம் தரையை நெருங்கப் பதினொரு நிமிடம் இருக்கையில், பத்து மணி இருபத்தாறு நிமிடத்துக்குத் தரைதட்டியார் மேசை இழுப்பறையைத் திறந்து, தடித்த உறை ஒன்றைக் கிழித்தார். “இந்த நிமிஷத்துல போடச் சொல்லி உங்க தங்கச்சி குடுத்துட்டுப் போனாங்க. என்னன்னு எனக்கும் தெரியாது” என்றார். பெரிய திரையில் அவர்கள் வீட்டு மாடிப்படி தெரிந்தது. பதினேழாவது படிக்கும் மேலே, கைப்பிடிச் சுவரின் மீது, தங்கை நின்றிருந்தாள். கேமராவைப் பார்த்து, “அக்கா, இங்க பாரு” என்று சொல்லிவிட்டுக் குதித்தாள்.

“அடியே, பாத்து!”

கூடமே அதிர்ந்தது. ஒலிவாங்கி திறந்திருந்தது. வார்த்தை கிளம்பிப் போய்விட்டது. திரையில் தங்கை கீழே விழுந்து, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, வலியில் முகம் சுளித்துச் சிரித்தாள். “சொல்லிட்டேல்ல? நல்லது. அந்தத் தூசியில எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. கொஞ்ச நேரம் நிக்கத்தான் வேணும். மீதியை நான் கேக்கறப்போ சொல்லு. மாத்திக் கீத்திச் சொல்லித் தொலைக்காதே.” படம் அணைந்தது. கடைசி வாரம் அவள் ஏன் நொண்டினாள் என்று அக்காவுக்கு இப்போதுதான் புரிந்தது. வீம்பு பிடித்து ஒரு தைலம்கூடத் தடவிவிடவில்லையே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் குரல் கெட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

வார்த்தை பதினொரு நிமிடம் பயணம் செய்தது. இன்னொரு பதினொரு நிமிடம் கழித்துத் தங்கையின் குரல் வந்தது. நின்னுட்டோம், இயந்திரம் அணைச்சாச்சு, தூசு அடங்கட்டும் என்றாள். கூடத்தில் ஒருவரும் கைதட்டவில்லை. பிறகு, இடது காலுக்கு நேர்கீழே பெரிய பாறை ஒன்று இருக்கிறது, இறங்கியிருந்தால் கவிழ்ந்திருப்போம் என்றாள். பக்கவாட்டு உந்திகளில் மிச்சமிருந்த கடைசிச் சொட்டையும் செலவழித்து நாலு அடி தள்ளிக்கொண்டாள். நின்ற நொடியிலிருந்து ஒன்பது நிமிடம் ஆகும்வரை சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கடைசியில், “பாத்துட்டேன்க்கா. சொல்லு” என்றாள்.

அப்போது தையலக்காவின் நாக்கில் நின்றது வேறு சொல். வா. அது ஒன்றுதான் நின்றது. முப்பத்தாறு ஆண்டாகப் பள்ளிக்கூட வாசலிலும் மைதானத்திலும் மழையிலும் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்ன சொல். சொன்னால் கலம் வரும் என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். பதினொரு கிலோமீட்டர் நடந்து வந்த கலத்தை யாரும் மறக்கவில்லை. அங்கே ஒரு சொட்டு எரிபொருள் இல்லை என்பதும் தெரியும். ஏழு மாதத் தொலைவை அது காலி வயிற்றோடு கடக்கப் பார்க்கும், நடுவழியில் கலத்தில் இருக்கும் நாலு பேர் உயிரும் போய்விடும். இறங்கு என்று சொன்னாலோ, அங்கேயே இரு என்று அர்த்தம். ஆறு ஆண்டோ ஏழு ஆண்டோ, எரிபொருள் தயாரிக்கும் அந்த இயந்திரம் தொட்டியை நிரப்புகிறவரைக்கும். ஆய்வகத்தின் திடலில் வெட்கத்தோடு சொன்ன அதே சொல்லைத்தான் இப்போது சொல்லியாக வேண்டும். தரைதட்டியார் கண்ணை மூடிக்கொண்டார். பிழைதிருத்துபவர் சிவப்புப் பேனாவைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

தையலக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். “எறங்கு” என்றாள். “நல்லாக் கால ஊனி எறங்கு.”

ஆக மொத்தம் முப்பத்தொரு நிமிடம் அந்தக் கலம் செவ்வாயின் மேல் ஆள் உயரத்தில் நின்றது. பிறகு இறங்கியது. செய்தி வந்துசேர்ந்தபோது தையலக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கால் அசையவில்லை என்பதைத் தையல் பிரிவுப் பெண்கள் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

ஆய்வகத்தின் கையேட்டில் அதன் பிறகு ஒரு பத்தி சேர்ந்தது: கனமான கலங்கள் தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் முப்பத்தொரு நிமிடம் நிற்கும், பயணிகள் அந்த நேரத்தில் தூசி அடங்கும்வரை பொறுமையாக இருக்கவும். அடுத்த ஆண்டுகளில் இன்னும் மூன்று கலங்கள் போயின. ஒவ்வொரு விமானியும் கிளம்புமுன் தன் வீட்டு மாடியிலிருந்தோ மரத்திலிருந்தோ குதித்து ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். தையலக்கா அடுத்தவர் பிள்ளைகளுக்கும் சரியாகவே பயந்தாள். தரைதட்டியார் அந்தப் பெயரோடேயே ஓய்வு பெற்றார். இப்போது அது பட்டம் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

ஒரே ஒரு தொந்தரவு. இறங்கிய நாள்முதல் தையலக்கா யாரையும் வா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். வாக்கியம் முடிந்துவிட்டது, இனி ஒன்றும் ஆகாது என்று பிழைதிருத்துபவர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். அவள் கேட்கவில்லை. வாய் தவறி ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்? பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்றால், “ஏன் நிக்கறீங்க, உள்ள நுழைய வேண்டியதுதானே” என்பாள். பூனையைக்கூட விரலைச் சுண்டித்தான் கூப்பிட்டாள். முதலில் கோபித்துக்கொண்டவர்கள் பிறகு பழகிப்போனார்கள். அந்த வீட்டில் அழைக்காமலே உள்ளே போகலாம் என்று தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஏழாவது ஆண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தொட்டி நிரம்பிவிட்டது என்று செய்தி வந்தது. தையலக்கா வெளுத்த சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனாள். அன்றைக்குத் தூரம் குறைவு, ஆறு நிமிடம்தான். ஒலிவாங்கி முன்னால் நின்றாள். பயம் வேண்டுமே என்று கூடத்தில் கவலைப்பட்டார்கள். அவளுக்கு அதற்குப் படம் எதுவும் தேவைப்படவில்லை. “பாத்து வா” என்றாள், குரலை உயர்த்தாமல். பன்னிரண்டு நிமிடம் கழித்துப் பதில் வந்தது. “வரேன்க்கா.”

ஏழு மாதம் ஆகும் என்று சொன்னார்கள். அவள் பேருந்து பிடித்து வீட்டுக்கு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி வாசலருகே நின்று, வழக்கம்போல் தானாகவே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“வாங்க” என்றாள் தையலக்கா.

பக்கத்து வீட்டுக்காரி ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றுவிட்டாள். “என்ன, இன்னிக்கு வாங்கன்னு சொல்றீங்க?”

“சொல்லலாம், இனிமே” என்று தையலக்கா கதவை அகலத் திறந்தாள்.